எச்எல்ஏ-பி27 ரிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம்? ரத்தம் கொடுப்பதிலிருந்து முடிவைப் புரிந்துகொள்வது வரை முழுமையான வழிகாட்டி

முதுகுவலிக்காக மூட்டுவாத நிபுணரிடம் போகும் இளவயதுக்காரர்களுக்கு அடிக்கடி எழுதித் தரப்படும் ரத்தப் பரிசோதனை எச்எல்ஏ-பி27. காலையில் எழுந்ததும் இடுப்பு விறைத்துக் கிடக்கிறது, நாலு எட்டு நடந்தால் இளகுகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது, பின்னிரவில் வலியே எழுப்பிவிடுகிறது என்று ஒருவர் சொன்னால், ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகுத்தண்டு அழற்சி நோயாக இருக்குமோ என்று மருத்துவர் யோசிப்பார். அந்தச் சந்தேகத்துக்குத் துணையாகத்தான் இந்தப் பரிசோதனை.

ரிப்போர்ட்டில் வருவது ஒரே சொல்: பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த மரபணு வடிவம் உங்களிடம் உண்மையிலேயே இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இருந்தால் உங்களுக்கு நோய் இருக்கிறதா என்பது இரண்டாவது. ஆய்வகங்கள் சொல்லும் '99 சதவீதத் துல்லியம்' முதல் கேள்விக்கு மட்டுமே பதில். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, தேவையில்லாமல் பயந்தவர்களும் உண்டு. 'நெகட்டிவ்தானே' என்று வருடக்கணக்கில் வலியைச் சுமந்தவர்களும் உண்டு. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க இரண்டையும் தனித்தனியாகவே வைத்துப் பார்ப்போம். ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. ஐந்தாவது படி ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பயன்படும்.

முதலில் கொஞ்சம் பின்னணி

நம் உடலின் செல்கள் 'நான் உன் ஆள்தான்' என்று நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டுவதற்குத் தம் மேற்பரப்பில் சில புரதங்களை வைத்திருக்கின்றன. அவைதான் எச்எல்ஏ புரதங்கள். அவற்றுக்கான மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. எச்எல்ஏ-பி என்ற மரபணு மனிதருக்கு மனிதர் ஏகப்பட்ட வடிவங்களில் வரும். பி27 அவற்றில் ஒன்று. அது கிருமியோ கோளாறோ கிடையாது. பிறக்கும்போதே வரும் ஒரு வடிவம், அவ்வளவுதான்.

1973இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தன. லண்டனில் டெரிக் புரூவர்ட்டன் குழு பார்த்த 75 ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயாளிகளில் 72 பேரிடம் பி27 இருந்தது. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட 75 பேரில் 3 பேரிடம் மட்டுமே இருந்தது. ஒரு மரபணு வடிவத்துக்கும் ஒரு நோய்க்கும் இவ்வளவு நெருக்கமான தொடர்பு மருத்துவத்தில் அபூர்வம். ஐம்பது வருடம் கழித்தும் இந்தப் பரிசோதனை நிலைத்திருக்கக் காரணம் அந்த எண்கள்தான்.

படி 1: ரத்தம் கொடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை

இதற்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. வலி மாத்திரைகளையும் நிறுத்த வேண்டாம். மரபணு மாத்திரையால் மாறாது.

பார்க்க வேண்டியது குழாயை. டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறைக்கு ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாய் வேண்டும். பச்சை மூடி போட்ட ஹெப்பாரின் குழாயில் எடுத்த ரத்தம் பிசிஆருக்குத் தோதுப்படாது. டிஎன்ஏவைப் பிரித்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹெப்பாரின், டிஎன்ஏவைப் பெருக்கும் நொதியை வேலை செய்யவிடாது. செல்லின் மேலுள்ள புரதத்தை லேசர் கொண்டு பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்றால் வேறு கவலை. அந்த முறைக்குச் செல்கள் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ரத்தத்தை அறை வெப்பத்திலேயே வைத்து, அந்த ஆய்வகம் சொல்லும் கெடுவுக்குள், பெரும்பாலும் ஓரிரு நாளுக்குள், முடித்துவிட வேண்டும். சின்ன ஊரில் சனிக்கிழமை மாலை எடுத்த ரத்தம், ஞாயிறு முழுக்கக் கூரியர் பெட்டியில் கிடந்து, திங்கள் மதியம் நகரத்து ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஃப்ளோ முடிவின் நம்பகம் குறையும். பிசிஆருக்கு இந்தத் தொல்லை குறைவு. செல் செத்தாலும் டிஎன்ஏ தாக்குப்பிடிக்கும்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்களுடைய ரத்தத்தில் ஓடுவது கொடையாளியின் டிஎன்ஏ. சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும் சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம், குழாயில் ஒட்டும் சீட்டில் பெயரும் வயதும் அடையாள எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். எவ்வளவு உயர்ந்த தொழில்நுட்பமாக இருந்தாலும், மாறிப்போன குழாயில் அது வேறொருவரின் மரபணுவைத்தான் மிகத் துல்லியமாகச் சொல்லும்.

படி 2: எந்த முறையில் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரிப்போர்ட்டில் முடிவுக்குப் பக்கத்திலோ கீழேயோ சிறிய எழுத்தில் 'முறை' என்று ஒரு வரி இருக்கும். இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால், அந்த வரியைப் படிக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய முறை லிம்போசைட் நச்சுச் சோதனை. பால் தெரசாகி 1964இல் சிறிய அளவு ரத்தத்திலேயே செய்யும்படி வடிவமைத்தது. 1973இல் பி27 தொடர்பைக் கண்டுபிடித்த லாஸ் ஏஞ்சலிஸ் குழுவில் அவரும் ஒருவர். லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்களை உயிரோடு பிரித்து, அவற்றின் மேல் பி27க்கான எதிர்ப்பொருளையும், பிறகு முயல் ரத்தத்திலிருந்து எடுத்த காம்ப்ளிமென்ட் புரதத்தையும் விடுவார்கள். பி27 இருந்தால் செல்லில் ஓட்டை விழுந்து அது சாகும், சாயம் உள்ளே ஏறும். எத்தனை செல் செத்தது என்று ஒருவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து மதிப்பெண் போடுவார். பார்ப்பவரின் கண், செல்களின் உயிர்நிலை, எதிர்ப்பொருளின் தரம் என்று மூன்று இடத்திலும் தவறு நுழையலாம். இன்றைக்கு வேறு வழி இருக்கும்போது இதை நம்பி இருக்க வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது ஃப்ளோ சைட்டோமெட்ரி. வேகமானது, ஒரே நாளில் முடிவு வந்துவிடும். ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள் ஒன்று பி27 புரதத்தில் ஒட்டும். இன்னொரு நிறச் சாயம் டி செல்கள் என்ற வெள்ளணு வகையை மட்டும் அடையாளம் காட்டும். செல்கள் ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடும்போது எவ்வளவு ஒளிர்கின்றன என்று கருவி அளக்கும். திரையில் ஒரு மேடு தெரியும். அந்த மேடு ஒரு கோட்டுக்கு வலப்பக்கம் விழுந்தால் பாசிட்டிவ், இடப்பக்கம் விழுந்தால் நெகட்டிவ்.

சிக்கல் அந்தக் கோட்டில்தான். பி27க்கு நெருங்கிய சாயலுள்ள வேறு எச்எல்ஏ புரதங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது பி7. பி27க்கென்று தயாரித்த எதிர்ப்பொருள்கள் பி7இலும் ஓரளவு போய் ஒட்டிக்கொள்ளும். பி7 உள்ளவரின் மேடு கோட்டுக்குப் பக்கத்திலேயே, சில சமயம் கோட்டைத் தாண்டியும் வந்து நிற்கும். இது போதாதென்று, செல்லின் மேல் எச்எல்ஏ புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். உடலில் அழற்சி இருக்கும்போது கூடும். ஆகவே நல்ல ஆய்வகங்கள் கோட்டை ஒட்டி ஒரு 'தெளிவில்லாத பகுதி'யை வரையறுத்துக்கொள்கின்றன. அதற்குள் விழும் முடிவை பாசிட்டிவ் என்றோ நெகட்டிவ் என்றோ கொடுக்காமல் பிசிஆருக்கு அனுப்புவார்கள். வேறுவேறு குணமுள்ள இரண்டு எதிர்ப்பொருள்களைச் சேர்த்துப் பயன்படுத்தியோ, பி7க்குத் தனி எதிர்ப்பொருள் சேர்த்தோ குழப்பத்தைக் குறைப்பவர்களும் உண்டு. தெளிவில்லாத பகுதியே இல்லாமல், எல்லாருக்கும் ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே கொடுக்கும் ஃப்ளோ ஆய்வகத்திடம் எனக்குத் தயக்கம் உண்டு.

மூன்றாவது பிசிஆர். இது புரதத்தைப் பார்ப்பதில்லை, நேராக மரபணுவையே பார்க்கிறது. பி27க்கே உரிய எழுத்து வரிசையில் மட்டும் பொருந்தும்படி செய்த பிரைமர்கள் என்ற சிறு டிஎன்ஏ துண்டுகள், அந்த வரிசை இருந்தால் அதைப் பல லட்சம் மடங்கு பெருக்கும். இல்லாவிட்டால் எதுவும் பெருகாது. பி7 குழப்பம் பெரிதும் ஒழிந்துவிடுகிறது. இன்று ஒருவருக்குப் புதிதாகப் பரிசோதனை செய்வதென்றால், தேர்வு நம் கையில் இருந்தால், பிசிஆரைத்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

இவற்றுக்கு மேல் வரிசைப்படுத்தல் முறை இருக்கிறது. மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்துவிடும் என்பதால் மற்ற முறைகளை உரசிப் பார்க்கும் அளவுகோல் அதுதான். எல்லாருக்கும் அதைச் செய்ய வேண்டியதில்லை, செலவும் அதிகம்.

வீட்டிலிருந்து எச்சிலை அனுப்பிச் செய்யும் டிஎன்ஏ சோதனைகளில் சில, பி27ஐ நேரடியாகப் பார்க்காமல், அதன் அருகில் வழக்கமாகச் சேர்ந்து வரும் ஒற்றை எழுத்து மாற்றத்தை வைத்து ஊகிக்கின்றன. ஐரோப்பியர்களில் நன்றாகப் பொருந்தும் அடையாள எழுத்து கிழக்கு ஆசியர்களில் அதே அளவுக்குப் பொருந்துவதில்லை. அப்படிப்பட்ட முடிவை வைத்து மருத்துவ முடிவு எடுக்கக் கூடாது.

படி 3: பிசிஆரிலும் எங்கே தவறு வரும் என்று பாருங்கள்

சாதாரண பிசிஆரில் கடைசியில் அகரோஸ் ஜெல் என்ற வழவழப்பான பலகையில் டிஎன்ஏவை ஓடவிட்டு, புற ஊதா அல்லது நீல ஒளியில் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தடம். ஒவ்வொரு தடத்திலும் எல்லா மனிதருக்கும் இருக்கும் வேறொரு மரபணுவின் துண்டும் வேண்டுமென்றே சேர்த்துப் பெருக்கப்படும். இதை உள்கட்டுப்பாடு என்பார்கள்.

இப்போது மூன்று தடங்களைப் பாருங்கள். முதல் தடத்தில் உள்கட்டுப்பாட்டுக் கோடும் இருக்கிறது, பி27 கோடும் இருக்கிறது: பாசிட்டிவ். இரண்டாவதில் உள்கட்டுப்பாடு மட்டும்: நெகட்டிவ். மூன்றாவதில் எதுவுமே இல்லை, வெறும் இருட்டு. இதை நெகட்டிவ் என்று எழுதிவிடத் தோன்றும், ஏனென்றால் பி27 கோடு இல்லையே! ஆனால் உள்கட்டுப்பாடும் இல்லை என்றால் பிசிஆரே நடக்கவில்லை என்று அர்த்தம். டிஎன்ஏ போதாமல் இருந்திருக்கலாம், ஹெப்பாரின் கலந்திருக்கலாம், குழாயில் நொதி விடுபட்டிருக்கலாம். அந்த மாதிரியை மறுபடி செய்ய வேண்டும். நெகட்டிவ் என்று கையெழுத்துப் போடக் கூடாது. பாசிட்டிவ் தடத்தில் பி27 கோடு பலமாக இருந்து உள்கட்டுப்பாடு மங்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் பரவாயில்லை. இரண்டும் ஒரே மூலப்பொருளுக்குப் போட்டி போடுவதால் அப்படி ஆகும்.

அதே ஜெல்லில் இன்னும் மூன்று தடங்கள் இருந்தாக வேண்டும்: பி27 உண்டு என்று உறுதியாகத் தெரிந்த ஒரு மாதிரி, இல்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒன்று, டிஎன்ஏவே போடாத வெறும் தண்ணீர். தண்ணீர்த் தடத்தில் கோடு வந்தால் முந்தைய பிசிஆரின் டிஎன்ஏ எங்கிருந்தோ கலந்துவிட்டது. அன்றைய ஓட்டம் முழுதையும் தள்ள வேண்டியதுதான். பெருக்கிய டிஎன்ஏவைக் கையாளும் இடமும், புது மாதிரிகளைத் தயார் செய்யும் இடமும் தனித்தனி அறைகளாக, பிப்பெட்கூட வேறுவேறாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ரியல்-டைம் பிசிஆரில் ஜெல் கிடையாது, திரையில் வளைகோடுகள் வரும். கண்ணால் பார்த்து முடிவு செய்யும் சிரமம் குறைகிறது. தாமதமாக, கடைசிச் சுற்றுகளில் எழும் வளைகோட்டை என்ன செய்வது என்று ஆய்வகம் முன்பே எழுத்தில் வைத்திருக்க வேண்டும். மற்றபடி கட்டுப்பாடுகள் அதேதான்.

படி 4: பி27க்குள் இருக்கும் உட்பிரிவுகள்

பி27 என்பது ஒற்றை வடிவம் அல்ல. பி*27:05, பி*27:04 என்று எண்ணிட்ட உட்பிரிவுகள் இருநூறுக்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. உலகில் பரவலாக இருப்பது 27:05. ஆசியாவில் 27:04ம், மத்தியதரைக் கடல் பகுதியில் 27:02ம், தெற்காசியாவிலும் மத்தியக் கிழக்கிலும் 27:07ம் காணப்படுகின்றன. இவை எல்லாம் நோயோடு தொடர்புள்ளவை.

ஆனால் தென்கிழக்கு ஆசியாவில் காணப்படும் 27:06க்கும், இத்தாலியின் சார்டினியா தீவில் காணப்படும் 27:09க்கும் நோயோடு அந்த வலுவான தொடர்பு இல்லை. 27:09க்கும் 27:05க்கும் இடையே வித்தியாசம் ஒரே ஓர் அமினோ அமிலம், 116ஆவது இடத்தில். 27:06 என்பது 27:04லிருந்து 114, 116 ஆகிய இரண்டு இடங்களில் வேறுபடுகிறது. வழக்கமான பிசிஆரும் ஃப்ளோவும் இந்த உட்பிரிவுகளைப் பிரித்துச் சொல்வதில்லை; மொத்தமாக பி27 பாசிட்டிவ் என்றே தரும். இந்தியாவிலோ இலங்கையிலோ இருக்கும் பெரும்பாலானோருக்கு இது கவலைப்பட வேண்டிய விஷயம் அல்ல. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து வம்சாவளி உள்ளவருக்கு பாசிட்டிவ் வந்து, நோய் அறிகுறிகள் பொருந்தவில்லை என்றால், உட்பிரிவு பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அரிய உட்பிரிவில் பிரைமர் ஒட்டும் இடத்திலேயே ஓர் எழுத்து மாறியிருந்தால் பிசிஆர் அதைத் தவறவிடும். ஆகவே கிட் வாங்கும் ஆய்வகம், 'எந்தெந்த உட்பிரிவுகளைப் பிடிக்கும்' என்ற பட்டியலைக் கிட்டோடு வரும் தாளில் பார்த்தாக வேண்டும். இன்னொரு அபூர்வம்: பெயரின் கடைசியில் 'என்' என்ற எழுத்து சேர்ந்த உட்பிரிவுகள். மரபணு இருக்கும், ஆனால் செல்லின் மேல் புரதம் வராது. பிசிஆர் பாசிட்டிவ், ஃப்ளோ நெகட்டிவ். இரண்டு ஆய்வகமும் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும்.

படி 5: துல்லியத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு முறையின் துல்லியத்தை அளக்க, வரிசைப்படுத்தல் மூலம் உண்மை நிலை தெரிந்த மாதிரிகளை எடுத்து, பரிசோதிப்பவருக்கு விடையைச் சொல்லாமல் ஓட்ட வேண்டும். பி27 உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது என்பது உணர்திறன். இல்லாதவர்களில் எத்தனை பேரை இல்லை என்று சரியாகச் சொன்னது என்பது தனித்தன்மை.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு. 200 மாதிரிகள். 60 பேருக்கு பி27 உண்டு, 140 பேருக்கு இல்லை. அந்த 140 பேரில் 25 பேருக்கு பி7 இருக்கிறது. ஃப்ளோ முறை 60இல் 59ஐப் பிடிக்கிறது: உணர்திறன் சுமார் 98 சதவீதம். 140இல் 133ஐச் சரியாக நெகட்டிவ் என்கிறது: தனித்தன்மை 95 சதவீதம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறிய 7 பேரில் 6 பேர் பி7 உள்ளவர்கள் என்று வையுங்கள். அப்படியானால் பி7 உள்ள 25 பேரில் 6 பேருக்கு, அதாவது நான்கில் ஒரு பங்குக்குத் தவறான முடிவு. மற்ற 115 பேரில் ஒரே ஒருவருக்கு. பி7 மாதிரிகளையே சேர்க்காமல் சோதித்திருந்தால் இந்த ஆய்வகம் தன் தனித்தன்மை 99 சதவீதம் என்று நேர்மையாகவே நம்பியிருக்கும். எந்த மாதிரிகளை வைத்துச் சோதித்தார்கள் என்று கேட்காமல் சதவீதத்தை மட்டும் கேட்பதில் பயனில்லை என்பது இதனால்தான்.

அடுத்து, இதே முறையை பி27 உள்ளவர்கள் 5 சதவீதம் இருக்கும் ஊரில் 1000 பேருக்குச் செய்வதாக வைத்துக்கொள்வோம். உள்ளவர்கள் 50, அவர்களில் 49 பேர் பிடிபடுவார்கள். இல்லாதவர்கள் 950; அதில் 5 சதவீதம், சுமார் 48 பேருக்குத் தவறான பாசிட்டிவ். வந்த பாசிட்டிவ் மொத்தம் 97, ஏறக்குறைய பாதி தப்பு! நோய்ச் சந்தேகம் பலமாக உள்ளவர்கள் மட்டுமே வரும் ஆய்வகத்தில், 1000 பேரில் 300 பேருக்கு பி27 இருந்தால், 295 சரியான பாசிட்டிவும் 35 தவறான பாசிட்டிவும் வரும். பத்தில் ஒன்றுதான் தப்பு. கருவி அதே, எதிர்ப்பொருள் அதே, ஆள் மாறினால் நம்பகம் மாறுகிறது. முதுகுவலி என்று வரும் எல்லாருக்கும் ஒரு பேக்கேஜில் போட்டு இந்தப் பரிசோதனையைச் செய்வதை நான் எதிர்ப்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

மாதிரிகளின் எண்ணிக்கையும் முக்கியம். '100 பேருக்குச் செய்தோம், ஒரு தவறும் இல்லை' என்று சொன்னால் தவறு விகிதம் பூஜ்யம் என்று ஆகாது. புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு: தவறே வராதபோது 3ஐ மாதிரி எண்ணிக்கையால் வகுத்தால், 95 சதவீத உறுதியோடு தவறு விகிதத்தின் மேல் எல்லை கிடைக்கும். 100 மாதிரி என்றால் 3 சதவீதம் வரை தவறு ஒளிந்திருக்கலாம். 1 சதவீதத்துக்குக் கீழ் என்று சொல்ல 300 மாதிரி வேண்டும்.

ஆய்வக நண்பர்களுக்கு: கிட் தயாரிப்பாளர் கொடுத்த எண்ணை அப்படியே ஏற்காமல், உங்கள் கருவியில், உங்கள் ஆட்களைக் கொண்டு, உங்கள் ஊர் மாதிரிகளில் சரிபார்த்துவிடுங்கள். புது லாட் வரும்போதெல்லாம் பழைய பாசிட்டிவ், நெகட்டிவ், பி7 மாதிரிகளைப் புதியதோடு சேர்த்து ஓட்டிப் பாருங்கள். வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்தில் வரும் மாதிரிகளை, மற்ற நோயாளி மாதிரிகள் போகும் அதே வழியிலேயே போகவிடுங்கள். மூத்தவர் ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்தால் அன்றாடத் தரம் தெரியவராது.

படி 6: இரண்டு ரிப்போர்ட் முரண்பட்டால்

ஓர் ஆய்வகத்தில் பாசிட்டிவ், இன்னொன்றில் நெகட்டிவ் என்று வருவது நடக்கக்கூடியதுதான். மூன்றாவதாக எங்கோ செய்து பெரும்பான்மை பார்க்க வேண்டாம். இரண்டிலும் முறை என்ன என்று பாருங்கள். ஃப்ளோ பாசிட்டிவ், பிசிஆர் நெகட்டிவ் என்றால் பி7 குழப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃப்ளோ நெகட்டிவ், பிசிஆர் பாசிட்டிவ் என்றால் செல்லில் புரதம் குறைவாக இருந்திருக்கலாம், ரத்தம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம், அபூர்வமாக மேலே சொன்ன புரதம் வராத உட்பிரிவாகவும் இருக்கலாம். இரண்டுமே பிசிஆர் என்றால் குழாய் மாறியதா என்ற சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். புதிதாக ரத்தம் எடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அப்படியும் தீராவிட்டால் வரிசைப்படுத்தல்.

படி 7: ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை

இந்தியாவில் என்றால், ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பார்கள். அதோடு நிறுத்த வேண்டாம். அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை, பரிசோதனை வாரியாகக் கொடுக்கப்படுகிறது. சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளுக்கு அங்கீகாரம் உள்ள இடத்தில் எச்எல்ஏ-பி27 அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். அங்கேயே செய்கிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா, எந்த முறை, தெளிவில்லாமல் வந்தால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். வரவேற்பு மேஜையில் தெரியாவிட்டால் உள்ளே இருக்கும் டெக்னீஷியனையோ நோய்க்குறியியல் மருத்துவரையோ கேட்டுச் சொல்லச் சொல்லலாம். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ரிப்போர்ட் வந்ததும் ஓர் இடத்தில் பலர் தடுமாறுவதைப் பார்க்கிறேன். 'இயல்பு அளவு: நெகட்டிவ்' என்று பல ஆய்வகங்கள் அச்சிடுகின்றன. பாசிட்டிவ் தடித்த எழுத்தில் வந்தவுடன் உடம்பில் ஏதோ கெட்டுவிட்டது போலத் தோன்றும். ரத்த வகை பி என்று வருவதில் என்ன இயல்புக் கேடு இருக்கிறதோ, அவ்வளவுதான் இதிலும்.

படி 8: இப்போது இரண்டாவது கேள்வி

மரபணு உண்மையிலேயே இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. நோய் இருக்கிறதா?

பி27 உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருவதே இல்லை. நோயுள்ளவர்களிலும் எல்லாருக்கும் பி27 இருப்பதில்லை. பல இனங்களில் 5 முதல் 20 சதவீதம் பேரும், சில இனங்களில் அதைவிடக் கூடுதலானோரும் பி27 இல்லாமலேயே நோயோடு இருக்கிறார்கள். ஆகவே நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று கதவைச் சாத்திவிட முடியாது.

நாள்பட்ட முதுகுவலியோடு வருபவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இந்த வகை அழற்சி நோய் இருக்கும் என்பது வழக்கமாகக் கொள்ளப்படும் மதிப்பீடு. நோயுள்ளவர்களில் 90 சதவீதம் பேருக்கு பி27 உண்டு, இல்லாதவர்களில் 10 சதவீதம் பேருக்கு உண்டு என்று எடுத்துக்கொண்டால், சாதாரண முதுகுவலிக்காரருக்குப் பாசிட்டிவ் வந்தபின் நோய்க்கான வாய்ப்பு சுமார் 32 சதவீதம். வலி அழற்சி குணமுள்ளது, அதாவது காலை விறைப்பு, இரவு வலி, நடந்தால் குறைவது என்று இருந்தால், பரிசோதனைக்கு முன்பே வாய்ப்பு 14 சதவீதம். பாசிட்டிவ் வந்தால் 59 சதவீதமாக ஏறுகிறது. இந்தக் கணக்கில் ஆய்வகம் ஒரு தவறும் செய்யவில்லை என்றே எடுத்துக்கொண்டிருக்கிறோம். நோயாளி சொல்லும் கதையை நிதானமாகக் கேட்பது ரிப்போர்ட்டின் மதிப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது.

ஏசாஸ் என்ற சர்வதேச நிபுணர் குழுவின் 2009ஆம் ஆண்டு வரையறையிலும் பி27 தனியாக நிற்பதில்லை. 45 வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த முதுகுவலி இருக்க வேண்டும். பி27ஓடு கண் அழற்சி, குதிகால் வலி, சொரியாசிஸ், குடல் அழற்சி, குடும்பத்தில் நோய் போன்றவற்றில் குறைந்தது இரண்டு சேர வேண்டும். இல்லையென்றால் எம்ஆர்ஐயிலோ எக்ஸ்ரேயிலோ முதுகுத்தண்டு இடுப்பெலும்போடு சேரும் மூட்டில் அழற்சி தெரிந்து, இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் காத்திருக்காமல் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். திடீரென்று வரும் முன்பக்கக் கண் அழற்சி நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பி27 இருக்கிறது.

படி 9: பிள்ளைகளுக்கும் பார்க்கலாமா?

பெற்றோரில் ஒருவருக்கு பி27 இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1984இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வில், பொதுமக்களில் பி27 உள்ளவர்களில் நோய் இருந்தது 1.3 சதவீதத்தினருக்கு, நோயாளிகளின் நெருங்கிய உறவினர்களில் பி27 உள்ளவர்களில் 21 சதவீதத்தினருக்கு. அதே மரபணு, ஆனால் குடும்பத்தில் நோய் இருப்பது ஆபத்தைக் கூட்டுகிறது. கூடவே வேறு மரபணுக்களும் வேலை செய்கின்றன என்பதற்கு இது சாட்சி.

அப்படியிருந்தும் அறிகுறி இல்லாத பிள்ளைக்குப் பரிசோதனை செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாசிட்டிவ் என்று தெரிந்தாலும் நோய் வராமல் தடுக்க இன்று கொடுக்க மருந்து எதுவும் இல்லை. பிள்ளைக்குக் காலை விறைப்போ, குதிகால் வலியோ, மூட்டு வீக்கமோ, கண் சிவப்போ வந்தால் குடும்பத்தில் இந்த நோய் உண்டு என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அதுவே போதும்.

பெரியவர்களுக்கும் இது வாழ்நாளில் ஒருமுறை செய்யும் பரிசோதனை. சிகிச்சை எடுத்தால் நெகட்டிவாக மாறாது. மருத்துவர் மாறும்போதெல்லாம் திரும்பச் செய்யத் தேவையில்லை. முறை குறிப்பிட்ட ரிப்போர்ட்டின் நகல் கையில் இருந்தால் போதும்.

மற்ற மூட்டு நோய்களின் மரபணுப் பரிசோதனைகள்

முடக்குவாதத்தில் எச்எல்ஏ-டிஆர்பி1 மரபணுவின் சில வடிவங்களுக்குப் பங்கு உண்டு. 70 முதல் 74 வரையான இடங்களில் அவை ஒரே மாதிரி அமினோ அமில வரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதை 1987இல் கிரெகர்சன் குழு விளக்கியது. ஆராய்ச்சிக்கு முக்கியம், நோயைக் கண்டறிய இதைச் செய்ய வேண்டியதில்லை. அந்த வடிவங்கள் நலமாக இருப்பவர்களிடமும் நிறையவே உண்டு. முடக்குவாதத்துக்கு ஆர்ஏ ஃபேக்டரும் ஆன்டி-சிசிபியும்தான் பயன்படும் ரத்தப் பரிசோதனைகள்.

யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் கவுட் நோய்க்கு அலோபியூரினால் மாத்திரை தொடங்கும்போது நிலைமை வேறு. எச்எல்ஏ-பி*58:01 உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையால் உயிருக்கே ஆபத்தான தோல் எதிர்விளைவு வரலாம். 2005இல் தைவானில் வெளியான ஆய்வில், அப்படிப் பாதிக்கப்பட்ட 51 பேரிடமும் இந்த வடிவம் இருந்தது. மாத்திரையைத் தாங்கிக்கொண்ட 135 பேரில் 20 பேரிடம் மட்டுமே இருந்தது. ஹான் சீனர், கொரியர், தாய்லாந்து வம்சாவளியினர், ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆகியோருக்கு மாத்திரை தொடங்கும் முன்பே இதைப் பார்க்கலாம் என்கிறது அமெரிக்க மூட்டுவாதக் கல்லூரியின் 2020 வழிகாட்டல். இங்கே தவறான நெகட்டிவ் வந்தால் விளைவு பி27 போல தாமதமான நோயறிதலோடு நிற்காது. ஆகவே முறை, கட்டுப்பாடுகள், உட்பிரிவுப் பட்டியல் என்று மேலே சொன்னவற்றை இதில் இன்னும் கறாராகக் கேளுங்கள். நெகட்டிவ் வந்திருந்தாலும் மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் காய்ச்சலோ, தோல் தடிப்போ, வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.